மூன்று பேர், ஒரே இடுப்பு வலி: டொக்டர் முதுகைத் தொட்டுப் பார்ப்பது எதற்காக?



"ஒரு நாள் பேரை விட்டுட்டு, பஸ்ஸுக்கும் காசு குடுத்துட்டு, காலையில இருந்து வரிசையில நின்னேன். டொக்டர் குனியச் சொன்னாரு, நிமிரச் சொன்னாரு. படுக்க வச்சி காலைத் தூக்கினாரு. சின்னச் சுத்தியலால முழங்கால்ல தட்டினாரு. ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கல. இதெல்லாம் ஒரு வைத்தியமா?"

இடுப்பு வலிக்கு மருந்தெடுக்கப் போய் வந்தவர்கள் இப்படிக் குறைப்படுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருப்போம். ஆனால் அந்தக் குனிவதும் நிமிர்வதும், அந்தச் சுத்தியல் தட்டும் வெறும் சடங்கு அல்ல. முதுகெலும்பு நோயில் முக்கால்வாசி உண்மை வெளிவருவது அதில்தான். டொக்டர் என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்று நமக்குத் தெரிந்தால், நாமும் சரியாக ஒத்துழைக்கலாம். சரியான விடையும் கிடைக்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியதுதான். ஒரே லயத்திலிருந்து மூன்று பேர் ஒரே நாளில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஒருவர், இருபது வருடமாகக் கொழுந்தெடுக்கும் 42 வயது அக்கா. இரண்டாமவர், ஸ்டோரில் தூள் மூட்டை தூக்கும் 26 வயதுத் தம்பி. மூன்றாமவர், வேலையிலிருந்து நின்றுவிட்ட 63 வயது அப்பாயி. மூன்று பேரும் டொக்டரிடம் சொன்னது ஒரே வார்த்தை: "இடுப்பு வலி."

வார்த்தை ஒன்றுதான். வருத்தம் மூன்று. டொக்டர் அதை எப்படிப் பிரித்துக் கண்டுபிடித்தார் என்று பாருங்கள்.

முதுகெலும்பும் லயத்து லைட்டும்

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன 5, வால் எலும்பில் பெரும்பாலும் 4 என மொத்தம் 33 எலும்புகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. கழுத்து, நெஞ்சு, இடுப்புப் பகுதி எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. பாரம் தூக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது இந்த வட்டுத்தான்.

எலும்புகளின் நடுவே ஒரு குழாய் போன்ற வழி. அதற்குள் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் போகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் சோடி சோடியாக 31 சோடி நரம்புகள் பிரிந்து கைக்கும் காலுக்கும் உடம்புக்கும் போகின்றன. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போலக் கொத்தாக இறங்குகின்றன. கால், சிறுநீர்ப்பை, மலவாசல் எல்லாவற்றுக்கும் செய்தி போவது இந்தக் கொத்து வழியாகத்தான்.

லயத்துக்குக் கரண்ட் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் வயரிலிருந்து ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒவ்வொரு வயர் பிரிகிறது. ஐந்தாம் காம்பராவில் மட்டும் லைட் எரியவில்லை என்றால், வயர்காரர் எல்லாச் சுவரையும் உடைத்துப் பார்ப்பதில்லை. எந்தக் காம்பரா இருட்டு என்று பார்த்து, கோளாறு எந்த வயரில் என்று சொல்லிவிடுவார். டொக்டர் உங்கள் கால் விரலைத் தொட்டுப் பார்த்து, இடுப்பில் எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது என்று சொல்வதும் இதே மாதிரிதான். இடுப்பு வலிக்குப் போனவரிடம் காலைக் காட்டச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்கும்.

முதலில் கேட்கிறார்

பரிசோதனை பேச்சிலேயே தொடங்குகிறது. வலி எப்போது வந்தது? பாரம் தூக்கியபோதா, சறுக்கி விழுந்தா, காரணம் இல்லாமலா? இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா? இறங்கினால் முழங்காலுக்கு மேலேயா கீழேயா? படுத்தால் குறைகிறதா? இராத்திரியில் எழுப்பிவிடுகிறதா? காய்ச்சல் உண்டா? உடம்பு மெலிகிறதா? ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் வித்தியாசம் தெரிகிறதா?

நாம் என்ன செய்கிறோம்? "உடம்பெல்லாம் வலி டொக்டர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படிச் சொன்னால் பெனடோல் மட்டும்தான் கிடைக்கும். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவதா, சாக்கைத் தோளில் போடுவதா, மருந்துத் தண்ணி அடிக்கும் டாங்கியைச் சுமப்பதா, கவ்வாத்து வெட்டக் குனிந்தே நிற்பதா என்பதெல்லாம் டவுனில் இருக்கும் டொக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாம் சொன்னால்தான் தெரியும்.

பாஷை தடையாக இருக்கிறதா? தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். யாரும் இல்லையென்றால் மூன்று சிங்கள வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "கொந்த ரிதெனவா" என்றால் இடுப்பு வலிக்கிறது. "ககுல ஹிரிவெட்டெனவா" என்றால் கால் மரத்துப் போகிறது. "முத்ரா யன்னே நே" என்றால் சிறுநீர் போகவில்லை. இந்த மூன்றாவதைச் சொல்ல வெட்கப்படவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

கண்ணால் பார்க்கிறார்

நீங்கள் கதவால் உள்ளே நடந்து வரும்போதே டொக்டர் பார்க்கத் தொடங்கிவிடுவார். நொண்டுகிறீர்களா? ஒரு பக்கம் சாய்கிறீர்களா? உட்காரும்போது கையை ஊன்றுகிறீர்களா?

பிறகு முதுகைக் காட்டச் சொல்வார். நம் பெண்கள் தயங்குவது இங்கேதான். சட்டைக்கு மேலாகப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தோள் இரண்டும் ஒரே உயரமா, இடுப்பு எலும்பு சமமா, முதுகெலும்பு நேராக இறங்குகிறதா, ஓரிடத்தில் புடைப்பு இருக்கிறதா என்பது துணிக்கு மேலே தெரியாது. உங்களுக்கும் ஒரு உரிமை இருக்கிறது. திரை போடச் சொல்லலாம். தாதி, அதாவது நம் ஆட்கள் சொல்லும் மிஸ்ஸி, ஒருவரையோ உங்களோடு வந்த பெண்ணையோ பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கேட்கலாம். அதை எந்த டொக்டரும் தப்பாக எடுக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று லேசாகக் கழற்றக்கூடிய உடுப்பை உடுத்திப் போனால் இன்னும் சுலபம்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நல்ல முதுகெலும்பு கோல் மாதிரி நேராக இருக்காது. கழுத்தில் உள்வளைவு, நெஞ்சுக்குப் பின்னால் வெளிவளைவு, இடுப்பில் மறுபடி உள்வளைவு. வலியால் சதை இறுகிப் போனால் இடுப்பின் உள்வளைவு தட்டையாகிவிடும். நமது அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது.

அப்பாயியின் முதுகில் வேறொன்று தெரிந்தது. நடு முதுகுக்குக் கொஞ்சம் கீழே, ஒரே இடத்தில், சின்ன முண்டு போல எலும்பு துருத்தி நின்றது. லயத்தில் எல்லோரும் "வயசாச்சி, கூன் விழுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயதால் வரும் கூன் வளைந்து வரும். ஒரு இடத்தில் மட்டும் முனையாக நிற்கும் கூன் வேறு. அதைக் கண்டதும் டொக்டரின் கேள்விகள் மாறின. "பின்னேரம் காய்ச்சல் வருதா அம்மா? சாப்பாடு இறங்குதா? சட்டை லூசாகிப் போச்சா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பதே பதில்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. காலைச் சேர்த்து வைத்து, முழங்காலை மடக்காமல் முன்னுக்குக் குனியச் சொல்வார்கள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விட மேலே எழும்பி நிற்கிறதா? அப்படியென்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திரும்பியிருக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வீட்டிலேயே இப்படிப் பார்க்கலாம். வித்தியாசம் தெரிந்தால் காட்டுங்கள்.

கையால் தொட்டுப் பார்க்கிறார்

அடுத்து டொக்டர் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு எலும்பாக விரலால் அழுத்துவார். இரண்டு பக்கமும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தொட்டு, குறுக்கே ஒரு கோடு நினைத்தால், அது இடுப்பின் நாலாவது எலும்புக்கு நேரே வரும். அதை வைத்து மற்ற எலும்புகளை எண்ணுவார்.

இதில் அவர் தேடுவது, வலி எலும்பிலா, பக்கத்துச் சதையிலா என்பதை. அக்காவுக்கு நடு எலும்பை அழுத்தியபோது ஒன்றும் இல்லை. இரண்டு விரல் தள்ளிச் சதையை அழுத்தியதும் "ஆ, அங்கதான்" என்றார். சதை கயிறு மாதிரி இறுகியிருந்தது. அப்பாயிக்கோ, முண்டு நின்ற எலும்பின் மேல் கையை மூடி மெதுவாகத் தட்டியதுமே வலி தாங்கவில்லை. ஒரே எலும்பில் தட்டும்போது வரும் இந்த வலி, கிருமியோ, எலும்பு முறிவோ, வேறு ஏதோ எலும்புக்குள் இருக்கிறது என்பதற்கு எச்சரிக்கை.

கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகின் பக்கத்திலும் டொக்டர் தட்டிப் பார்ப்பதுண்டு. அது சிறுநீரகம் இருக்கும் இடம். மலையில் கக்கூஸ் வசதி இல்லாததால் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு வேலை செய்யும் பெண்களுக்குச் சிறுநீர்க் கிருமி வருவது அதிகம். அதுவும் "இடுப்பு வலி" என்ற பெயரில்தான் வரும். குளிர் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் முதுகுத் தைலம் பூசி அது மாறாது. சிறுநீரைச் சோதிக்க வேண்டும்.

அசைத்துப் பார்க்கிறார்

முன்னுக்குக் குனிவது, பின்னுக்கு வளைவது, இரண்டு பக்கமும் சாய்வது, உட்கார்ந்தபடி திரும்புவது. எவ்வளவு தூரம் போகிறது, எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்ப்பார். முன்னுக்குக் குனியும்போது காலுக்கு வலி இறங்கினால் பெரும்பாலும் வட்டுக் கோளாறு என்று சந்தேகிப்பார். வயதானவர்கள் நிமிர்ந்தால் காலில் வலி வந்து, குனிந்தால் குறைந்தால், நரம்பு போகும் வழி ஒடுங்கியிருக்கலாம் என்று நினைப்பார்.

சிலருக்கு அளவு நாடாவும் எடுப்பார். இடுப்பில் இரண்டு குழிகள் தெரியும் அல்லவா? அந்த மட்டத்தில் ஒரு புள்ளி, அதற்கு 10 சென்ரிமீற்றர் மேலே ஒரு புள்ளி வைத்துவிட்டுக் குனியச் சொல்வார். நல்ல முதுகென்றால் அந்த 10 ஏறக்குறைய 15 ஆக விரியும். அவ்வளவு விரியாவிட்டால் முதுகு விறைத்திருக்கிறது என்று அர்த்தம். ஷோபர் என்ற ஜேர்மனிய டொக்டர் 1937இல் எழுதிய சோதனை இது. இளம் வயதில், காலையில் எழும்பினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் முதுகு விறைத்து, வேலை செய்யச் செய்ய இளகுகிறதா? அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது பாரம் தூக்கி வந்த வலி அல்ல, வாத நோயாக இருக்கலாம்.

கழுத்துக்கும் இதே மாதிரி உண்டு. தாடையை நெஞ்சில் முட்டச் சொல்வார், மேலே பார்க்கச் சொல்வார், காதைத் தோளுக்குச் சாய்க்கச் சொல்வார், திரும்பச் சொல்வார். தலையைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் சாய்த்து மெதுவாக அழுத்தும்போது வலி கைக்கு ஓடினால், கழுத்தில் நரம்பு நசுங்குகிறது. கூடைப் பாரம் முழுவதையும் தலைக் கயிற்றில் தாங்கிய நம் அம்மாமாருக்குக் கழுத்து வலியும் கை விறைப்பும் வருவது புதுமை அல்ல. ஆனால் இந்தக் கழுத்து அழுத்தும் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

காலைத் தூக்கிப் பார்க்கிறார்

தம்பியைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். டொக்டர் முழங்காலை மடக்காமல் இடது காலை மெதுவாகத் தூக்கினார். பாதி தூரம் போகும் முன்பே, இடுப்பிலிருந்து கெண்டைக்கால் தாண்டிப் பாதம் வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. பிறகு வலி இல்லாத வலது காலைத் தூக்கினார். அப்போதும் இடது காலில்தான் வலி வந்தது.

காலைத் தூக்கும்போது இடுப்பிலிருந்து போகும் பெரிய நரம்பு இழுபடுகிறது. வட்டு பிதுங்கி அந்த நரம்பின் வேரை நெருக்கியிருந்தால், 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் முழங்காலுக்குக் கீழே வரை வலி ஓடும். தொடையின் பின்புறம் மட்டும் இழுத்தால் அது சதை இறுக்கமாக இருக்கலாம். நல்ல காலைத் தூக்கும்போது மற்றக் காலில் வலி வந்தால், வட்டுத்தான் என்ற சந்தேகம் இன்னும் பலமாகும்.

இங்கே ஒரு விஷயம் மனம்விட்டுப் பேச வேண்டும். சிலர் "வலிக்குதுன்னு சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். இன்னும் சிலர், "லீவுத் துண்டு குடுக்க மாட்டாங்க" என்ற பயத்தில் தொட்டவுடனேயே கத்துவார்கள். இரண்டுமே நமக்குத்தான் நட்டம். வலியை மறைத்தால் நோய் தெரியாது. தொட்ட இடமெல்லாம் கத்தினால் உண்மையான வலி எது என்று டொக்டரால் பிரிக்க முடியாது. எந்த இடத்தில் வலி தொடங்குகிறதோ அந்த இடத்தில் "இதோ, இங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். நமது வலி பொய் இல்லை என்பதற்கு இந்தச் சோதனையே சாட்சி.

நரம்பைச் சோதிக்கிறார்

இனித்தான் எந்தக் காம்பராவில் லைட் இல்லை என்று பார்ப்பது. இதில் மூன்று பங்கு.

பலம்: குதிக்காலில் நடக்கச் சொல்வார். பிறகு முன்விரலில் நிற்கச் சொல்வார். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிவிட்டு, தன் விரலால் கீழே அமுக்குவார். பெருவிரல் தூக்க முடியவில்லை என்றால் இடுப்பின் ஐந்தாவது நரம்பில் கோளாறு. முன்விரலில் எழும்ப முடியவில்லை என்றால் அதற்கு அடுத்த நரம்பு.

உணர்ச்சி: பஞ்சாலும் கூர்மையான ஒன்றாலும் தொட்டு, இரண்டு காலும் ஒரே மாதிரித் தெரிகிறதா என்று கேட்பார். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் ஒரு நரம்பு. பாதத்தின் மேல்பக்கம் இன்னொன்று. சுண்டு விரல் பக்கம் வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள்.

சுத்தியல் தட்டு: முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறும். குதிக்கால் தசைநாரில் தட்டினால் பாதம் அசையும். நாம் நினைத்து அசைப்பதில்லை. ஆகையால் நடிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. உள்ளங்காலைக் கீறியும் பார்ப்பார். பெரியவர்களுக்குப் பெருவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே எழும்பினால் தண்டுவடத்திலோ மூளையிலோ கோளாறு இருக்கலாம்.

தம்பியால் இடது காலின் முன்விரலில் மட்டும் எழும்ப முடியவில்லை. சுண்டு விரல் பக்கம் மரத்திருந்தது. குதிக்கால் தட்டுக்கு இடது பாதம் அசையவில்லை. மூன்றும் ஒரே நரம்பைக் காட்டின. இடுப்பின் கடைசி வட்டு பிதுங்கியிருக்கிறது என்று ஒரு படமும் எடுக்காமலே டொக்டர் கணித்தார்.

சிலரிடம் இரண்டு தொடைக்கும் நடுவே, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார்கள். மலவாசலில் விரல் வைத்து இறுக்கம் பார்க்க வேண்டியும் வரலாம். வெட்கமாக இருக்கும். ஆனால் குதிரை வால் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கிறதா என்று அறிய அது தேவைப்படுகிறது. காரணத்தைக் கேளுங்கள், திரை கேளுங்கள், துணைக்கு ஆள் கேளுங்கள். வேண்டாம் என்று எழும்பி வந்துவிடாதீர்கள்.

சரி, எக்ஸ்ரே ஏன் எடுக்கவில்லை?

ஜேர்மனியில் ரோன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். முழங்காலில் தட்டும் சோதனையை அங்கேயே இரண்டு டொக்டர்கள் 1875இல் எழுதிவிட்டார்கள். காலைத் தூக்கும் சோதனை பிரான்சில் 1881இல் எழுதப்பட்டது. படம் வருவதற்கு முன்பே கை இருந்தது. இன்றும் கையின் வேலையைப் படம் எடுத்துவிடவில்லை.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். சதையின் இறுக்கம் தெரியாது, வட்டு தெரியாது, நரம்பு தெரியாது. நாற்பது வயது தாண்டினால் வலியே இல்லாதவருடைய எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும். முடி நரைப்பது மாதிரித்தான் அது. அதைப் பார்த்து "எலும்பு தேஞ்சி போச்சாம்" என்று பயந்து படுத்துவிடுவோர் உண்டு. ஆகவே அக்காவுக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத சதை வலி, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடச் சொன்னார்கள். பாரம் குறைத்துச் சுமக்கவும், குறையாவிட்டால் திரும்பி வரவும் சொன்னார்கள்.

அப்பாயிக்கு அன்றே எக்ஸ்ரேயும் இரத்தமும் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்தார்கள். அங்கே மேலும் சோதித்துப் பார்த்ததில் முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. காசம் நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல. பெர்சிவல் பொட் என்ற ஆங்கிலேய டொக்டர் முதுகெலும்பைப் பிடிக்கும் இந்த நோயைப் பற்றி 1779இலேயே எழுதினார். கவனிக்காமல் விட்டால் எலும்பு இடிந்து, தண்டுவடம் நசுங்கி, கால் விளங்காமல் போகலாம். நேரத்தோடு கண்டால் மாத்திரையாலேயே குணமாகும். அரசாங்க மார்பு நோய் கிளினிக்குகளில் மருந்து இலவசம். ஆனால் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். எலும்புக் காசத்துக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் வரை ஆகலாம். வலி குறைந்ததென்று நடுவில் நிறுத்தவே கூடாது.

தம்பிக்கு என்ன நடந்தது?

தம்பிக்கு வலி மருந்தும், பாரம் தூக்காத வேலைக்குக் கடிதமும் கொடுத்து, கிளினிக் நாளும் குறித்தார்கள். போகும்போது டொக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். "சிறுநீர் அடைச்சா, உக்கார்ற இடம் மரத்தா, ரெண்டு காலும் சோர்ந்தா, கிளினிக் நாள் வரைக்கும் பார்க்காதீங்க. அந்த நிமிஷமே வாங்க."

மூன்றாம் நாள் இரவு அதுதான் நடந்தது. வயிறு முட்டியிருக்கிறது, சிறுநீர் வரவில்லை. இரண்டு தொடைக்கும் நடுவே உணர்ச்சி இல்லை. வீட்டில் பெரியவர்கள், "வாயு இறங்கிடுச்சி, எண்ணெய் தேச்சி விடுவோம், விடியட்டும்" என்றார்கள். சம்சாரம்தான் டொக்டர் சொன்னதை நினைவில் வைத்திருந்து, 1990க்குப் போன் பண்ணி அம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஸ்கேன் எடுத்து ஒப்பரேஷன் செய்தார்கள்.

குதிரை வால் நரம்பு நசுங்கினால் மணித்தியாலக் கணக்குத்தான். தாமதமானால், பிறகு எவ்வளவு நல்ல ஒப்பரேஷன் செய்தாலும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டுக்கு வராமலே போகலாம். விடியட்டும் என்று இருந்திருந்தால் அந்த 26 வயதுப் பிள்ளையின் கதி என்ன?

நாம் செய்யக்கூடாதவை

டொக்டர் பார்க்கும் முன் முதுகில் பிள்ளைகளை ஏற்றி மிதிக்க விடுவது, கழுத்தைத் திருப்பிச் "சுளுக்கு" எடுப்பது வேண்டாம். சதை வலிக்கு மேலாகத் தைலம் பூசுவதில் தப்பில்லை. எலும்பில் காசமோ முறிவோ இருக்கும் முதுகை மிதித்தால் கால் இழுத்துவிடலாம்.

மலையில் சறுக்கி விழுந்து கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்பவரைக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி பலர் சேர்ந்து பலகையில் எடுங்கள். கூடைக்கயிற்றாலோ படங்கிலோ சுருட்டித் தூக்க வேண்டாம்.

வேலை நேரத்தில் விழுந்தால், அன்றைக்கே கங்காணியிடமும் தோட்ட டிஸ்பென்சரியிலும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. பிறகு நட்டஈடு கேட்க வேண்டி வந்தால், முதல் நாளில் டொக்டர் பரிசோதித்து எழுதிய எழுத்து பெரிய உதவி.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்

அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை:
1. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தல், அல்லது தெரியாமல் சிறுநீரோ மலமோ போதல்.
2. உட்காரும் இடம், தொடை நடுவே மரத்தல்.
3. காலோ கையோ பலம் குறைந்துகொண்டே போதல்.
4. விழுந்தபின் வரும் கடும் முதுகு, கழுத்து வலி.
5. கடும் காய்ச்சல், நடுக்கத்தோடு முதுகு வலி.

இந்தக் கிழமைக்குள் காட்ட வேண்டியவை:
1. பின்னேரக் காய்ச்சல், உடம்பு மெலிதல், இராத்திரி வலி.
2. முதுகில் ஒரே இடத்தில் புதிதாகத் தெரியும் முண்டு.
3. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி.
4. வயதானவருக்குச் சின்னப் பாரம் தூக்கியதும் திடீரென வந்த வலி.
5. ஆறு கிழமைக்கு மேலும் குறையாத வலி.

டொக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: எனக்கு வலி சதையிலா, நரம்பிலா, எலும்பிலா? எந்த வேலை செய்யலாம், எது கூடாது? எது நடந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?

அந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். தம்பியைக் காப்பாற்றியது அதுதான். அடுத்த முறை டொக்டர் "குனிங்க, நிமிருங்க" என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். நிதானமாகக் குனியுங்கள், வலிக்கும் இடத்தில் நின்று சொல்லுங்கள்.